இரண்டாவது நாற்காலியிலிருந்து முதல் நாற்காலிக்கு: கால்பந்து உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மான்செஸ்டர் யுனைடெட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்த இருவர், வேறு வேறு காலத்தில், தலைமைப் பொறுப்பேற்க வெளியே போனார்கள். இருவரும் போனது டிசம்பர் மாதத்தில். 1998 டிசம்பரில் போனவர் பிரையன் கிட். தலைமைப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் வலக்கரமாக இருந்தவர்; பயிற்சி நடத்துவதில் பெயர் பெற்றவர். அவர் ஏற்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் அந்த சீசன் முடிவிலேயே இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியது. அடுத்த நவம்பரில் அவருடைய பதவியும் போனது. 2021 டிசம்பரில் போனவர் கீரன் மெக்கென்னா. அவர் ஏற்றது மூன்றாம் பிரிவில் இருந்த இப்ஸ்விச் டவுன். 2023இல் இரண்டாம் பிரிவு, 2024இல் பிரீமியர் லீக் என அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த அணியை இரண்டு படி ஏற்றினார்.

ஒருவருக்குக் கால்பந்து தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கிட் போய்ச் சேர்ந்தபோது பிளாக்பர்ன் பட்டியலின் அடியில் கிடந்தது. முந்தைய பயிற்சியாளர் ராய் ஹாட்சனை அப்போதுதான் நீக்கியிருந்தார்கள். மெக்கென்னாவுக்கு, தவறு செய்து திருத்திக்கொள்ள அவகாசம் இருந்த இடம் வாய்த்தது. அதற்கு முன்பே யுனைடெட்டின் 18 வயதுக்குட்பட்டோர் அணியை அவர் தன் பொறுப்பில் நடத்தியும் இருந்தார்.

சென்னையில் கல்லூரி அணிகளிலும் லீக் அணிகளிலும் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டுத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவன் நான். "நான் தயாராகிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என இளம் பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். 4-3-3 வியூகம் நன்றாகத் தெரியும், ப்ரெஸ்ஸிங் (பந்து வைத்திருக்கும் எதிரணியை நெருக்கிப் பறிப்பது) சொல்லிக்கொடுக்கத் தெரியும், போதுமா என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்களை அண்ணா என்று அழைக்கும் ஒரு பையனிடம், "நாளைய இறுதிப்போட்டியில் நீ ஆடவில்லை" என்று முகம் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா? வியூகத்தைப் படித்தும் பார்த்தும் தேற்றிக்கொள்ளலாம். இதைச் செய்துதான் பழக வேண்டும். கீழே உள்ள படிகளெல்லாம் அந்தப் பழக்கத்துக்கான வழிகள்.

முதல் படி: இந்த வேலை உங்களுக்கு வேண்டுமா?

உதவிப் பயிற்சியாளர் பதவியை, தலைமைப் பதவிக்குக் காத்திருக்கும் வரிசை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தனியொரு தொழில். பீட்டர் டெய்லரைப் பாருங்கள். 1974இல் பிரைட்டனின் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனபோது, அவருடைய உதவியாளரான டெய்லர் பிரைட்டனிலேயே தங்கித் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இரண்டு சீசன் கழித்து 1976இல் கிளஃபிடமே உதவியாளராக நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு வந்து சேர்ந்தார். 1978இல் லீக் பட்டம், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளின் மிகப் பெரிய கோப்பை; இன்றைய சாம்பியன்ஸ் லீக்). கிட்டும் அப்படித்தான்: பிற்காலத்தில் மான்செஸ்டர் சிட்டியில் மான்சினி, பெயெக்ரீனி, கார்டியோலா என மூன்று தலைமைப் பயிற்சியாளர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லீக் பட்டங்களைப் பார்த்தார். அதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு எளிய சோதனை உண்டு. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் உங்கள் மனம் எதை அசைபோடுகிறது? காலையில் நடத்திய பயிற்சியை இன்னும் எப்படி மெருகேற்றலாம் என்றா? 60ஆவது நிமிடத்தில் யாரை மாற்றியிருக்க வேண்டும் என்றா? முதல் வகை என்றால் உங்கள் இடம் பயிற்சி மைதானம். அங்கேயே பெரிய ஆளாகலாம். இரண்டாவது என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாவது படி: உரிமத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

இது சுவையில்லாத விஷயம். ஆனால் கதவைத் திறப்பதும் அடைப்பதும் இதுதான். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமங்கள் சி, பி, ஏ, புரோ என்று ஏறுகின்றன. இந்தியாவில் அதற்கும் முன்னால் டி உரிமத்தில் தொடங்கலாம். ஐரோப்பாவின் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா வழங்குவதும் சி, பி, ஏ, புரோ என்ற அதே வரிசைதான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே களத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதால், நினைத்தவுடன் புரோ வாங்கிவிட முடியாது. அழைப்பு வரும் நாளில் விண்ணப்பம் போட்டால் காலம் கடந்துவிடும்.

2022 அக்டோபரில் பிரான்சின் ரெய்ம்ஸ் கிளப், உதவிப் பயிற்சியாளர் வில் ஸ்டில்லிடம் அணியை ஒப்படைத்தது. வயது முப்பது. அவரிடம் புரோ உரிமம் இல்லாததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. முதல் 17 லீக் ஆட்டங்களில் அவர் தோற்கவே இல்லை; அதனால் கிளப் முகம் சுளிக்காமல் கட்டியது. உங்களுக்காக அப்படிக் கட்டக்கூடிய கிளப் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். சினெடின் சிடானே 2014இல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியை நடத்தியபோது உரிமப் பிரச்சினையில் சிக்கினார். உலகக் கோப்பை வென்ற சிடானுக்கே அந்த நிலை என்றால் நமக்கு என்ன விலக்கு?

மூன்றாவது படி: ஒரு சிறிய அணியை முழுப் பொறுப்போடு நடத்துங்கள்

கார்லோ ஆன்செலோட்டியின் உதவியாளராக 2014இல் சாம்பியன்ஸ் லீகை வென்ற கையோடு சிடான் பெரிய பதவியைத் தேடிப் போகவில்லை. மூன்றாம் பிரிவில் ஆடிய கஸ்டியா அணிக்கு, அதாவது ரியலின் இரண்டாம் அணிக்குப் போனார். 2016 ஜனவரியில் முதல் அணி அவர் கைக்கு வந்தது. 2016, 2017, 2018 என மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் வரிசையாக வந்தன. எரிக் டென் ஹாக், ட்வென்டேயில் ஸ்டீவ் மெக்ளாரனின் உதவியாளராக இருந்தவர். கோ அஹெட் ஈகிள்ஸ் என்ற சிறு கிளப்பை நெதர்லாந்தின் முதல் பிரிவுக்கு ஏற்றி, பிறகு பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணியை நடத்தி, யூட்ரெக்ட் வழியாகத்தான் அயாக்ஸை அடைந்தார்.

நம் ஊரில் இதற்குப் பள்ளி அணியே போதும். 15 வயதுக்குட்பட்ட பையன்களின் அணி ஒன்றை வார இறுதிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யும் நிலை இருக்க வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேன் வரவில்லை, கோல்கீப்பருக்குக் காய்ச்சல், ஒரு பையனின் அப்பா, "என் மகனை ஏன் முன்வரிசையில் ஆடவிடவில்லை?" என்று எல்லைக் கோட்டருகே நின்று கத்துகிறார். இவை அத்தனையும் உங்கள் தலையில் விழ வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

தனி அணி கிடைக்காவிட்டால் தலைமைப் பயிற்சியாளரிடமே கேளுங்கள். பார்சிலோனாவில் லூயி வான் ஹால், தன் உதவியாளர் ஜோசே மொரீனோவைச் சில நட்பு ஆட்டங்களில் அணியை நடத்தவிட்டார். நல்ல தலைமைப் பயிற்சியாளர் இப்படிக் கேட்பவரைச் சந்தேகிக்க மாட்டார். ஒரு நட்பு ஆட்டம், ஒரு இடைவேளைப் பேச்சு, ஒரு சீசன் முழுக்க கார்னர்களின் பொறுப்பு: இதில் ஏதாவது ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள்.

நான்காவது படி: நோட்டுப் புத்தகம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய இரவு, தலைமைப் பயிற்சியாளர் அணியை அறிவிப்பதற்கு முன்பு, உங்கள் பதினொருவரை எழுதுங்கள். பக்கத்தில் மாற்று வீரர்களை எழுதுங்கள். அதற்குக் கீழே, நீங்கள் வெளியே உட்காரவைத்தவர்களில் யாருக்கு அது மிகவும் வலிக்குமோ அவருடைய பெயரை எழுதி, அவரிடம் சொல்லப்போகும் இரண்டு வாக்கியங்களையும் எழுதுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆட்டத்தின்போது, முதல் மாற்றத்தை எந்த நிமிடத்தில் செய்திருப்பீர்கள், யாரை வெளியே எடுத்து யாரை உள்ளே விட்டிருப்பீர்கள் என்று குறித்துவையுங்கள். முடிவு தெரிந்த பிறகு எதையும் அடித்துத் திருத்தக் கூடாது. ஒரு முழு சீசன் இதைச் செய்யுங்கள்.

முதல் மாதம் இது விளையாட்டாகத் தெரியும். பத்தாவது ஆட்டத்தில் ஒன்று புலப்படும்: பதினொரு பெயர்களை எழுத ஐந்து நிமிடம் போதும், அந்த இரண்டு வாக்கியங்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது. "உன் நேரம் வரும்" என்று எழுதுவீர்கள்; அது உண்மையா என்று உங்களுக்கே தெரியாது. அடித்துவிடுங்கள். "இது என் முடிவு. எதிரணியின் இடது விங்கர் வேகமானவன். அவனுக்கு எதிராக இன்று எனக்கு வேறு ஆள் தேவை." இப்படிக் காரணமும் பொறுப்பும் சேர்ந்து வரும்வரை எழுதுங்கள்.

உதவிப் பயிற்சியாளருக்கு இது ஏன் குறிப்பாகக் கடினம் என்றால், அவர் அதுவரை ஆறுதல் சொல்லும் இடத்தில் இருந்தவர். அணியில் இடம் கிடைக்காத பையன் முதலில் வருவது அவரிடம்தான். தோளில் கைபோட்டு, "கவலைப்படாதே, அவரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லியே அவர் நல்லவராக இருந்திருப்பார். அந்த நல்ல பெயரைத் தலைமைப் பதவிக்கும் எடுத்துப்போக நினைப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. "அவர்" என்று கைகாட்ட அங்கே வேறு ஆள் இல்லை.

நானும் அதில்தான் தவறினேன். ஒரு கல்லூரி அணியில் தலைமைப் பயிற்சியாளர் உடல்நலமில்லாமல் போக, அரையிறுதி என் பொறுப்பில் வந்தது. முழங்கால் வலியோடு ஓடிக்கொண்டிருந்த கேப்டனை வெளியே உட்காரவைக்க முடிவு செய்தேன். முடிவு சரிதான். ஆனால் அதை அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பட்டியலை எழுதி உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். ஆட்டத்தை வென்றோம். அந்த சீசன் முடியும்வரை அந்தப் பையன் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. மற்ற வீரர்களும் அந்தக் கதவைப் பார்த்திருந்தார்கள். அன்று நான் தயாராக இல்லை. கோல் கணக்கு அதை மறைத்தது, அவ்வளவுதான்.

லிவர்பூலின் பாப் பெய்ஸ்லி 1950இல் வீரராக இருந்தபோது, இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் எவர்டனுக்கு எதிராகக் கோல் அடித்தார். இறுதிப்போட்டியில் அவருக்கு அணியில் இடமில்லை. பிறகு அதே கிளப்பில் இயன்முறை மருத்துவராகவும், பில் ஷாங்க்லியின் உதவியாளராகவும் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். 1974இல் ஷாங்க்லி விலகியபோது தலைமைப் பொறுப்புக்குத் தயக்கத்தோடுதான் வந்தார். முதல் சீசனில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. 1983இல் ஓய்வு பெறுவதற்குள் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வந்திருந்தன. இறுதிப்போட்டிக்கு வெளியே உட்காரவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை உடம்பால் அறிந்த மனிதர் அவர். அவருடைய கதையில் எனக்கு மிகவும் நெருக்கமானது அந்தப் பகுதிதான்.

ஐந்தாவது படி: இடைக்காலப் பொறுப்பு வந்தால்

பெரும்பாலான உதவிப் பயிற்சியாளர்களுக்கு வாய்ப்பு வருவது இப்படித்தான்: மேலே இருப்பவரை நீக்குகிறார்கள்; மறுநாள் காலை பயிற்சிக்கு ஆள் வேண்டும். 2019 நவம்பர் தொடக்கத்தில் பயர்ன் மியூனிக் 5-1 என ஃபிராங்க்ஃபர்ட்டிடம் தோற்றது. நிக்கோ கோவாச் போனார். உதவியாளர் ஹான்சி ஃபிளிக் வந்தார். ஒரு வாரத்துக்குள் டோர்ட்மண்டை 4-0 என வென்றார்கள். ஓரங்கட்டப்பட்டிருந்த தாமஸ் முல்லருக்கு மீண்டும் நிலையான இடம் கொடுத்தார். அந்த சீசனில் 21 கோல்களுக்கு வழியமைத்து முல்லர் ஜெர்மன் லீகான புண்டஸ்லிகாவில் சாதனை படைத்தார். 2020 ஆகஸ்டுக்குள் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கைக்கு வந்துவிட்டன.

இந்தக் கதையை மட்டும் கேட்டு மயங்கிவிடக் கூடாது. ஃபிளிக் அதற்கு வெகுகாலம் முன்பே ஹோஃபன்ஹைமில் ஐந்து ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 2012இல் செல்சியின் இடைக்காலப் பொறுப்பேற்று எஃப்ஏ கோப்பையையும் சாம்பியன்ஸ் லீகையும் வென்ற ராபர்ட்டோ டி மாட்டியோ, வெஸ்ட் பிரோமை ஏற்கெனவே பிரீமியர் லீகுக்கு ஏற்றியிருந்தவர். 2021இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் இடைக்காலப் பொறுப்பில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதிவரை போன காலித் ஜமீல், 2017இலேயே ஐசால் எஃப்சியோடு ஐ-லீக் பட்டம் வென்றவர். திடீரென்று முளைத்தவர்களாகத் தெரியும் இவர்கள் மூவரும் மூன்றாவது படியை எப்போதோ தாண்டிவிட்டவர்கள். ஜமீல் 2025இல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானது அந்தத் தொடர்ச்சியில்தான். லயோனல் ஸ்கலோனி விதிவிலக்கு: எந்தப் பெரிய அணியையும் நடத்தாமல் 2018இல் அர்ஜென்டினாவின் இடைக்காலப் பொறுப்பேற்று, 2022இல் உலகக் கோப்பையை வென்றார்.

இடைக்காலம் வந்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். நீக்கப்பட்டவருக்கு அன்றே போன் செய்து, நீங்கள் பொறுப்பேற்கப்போவதை நீங்களே சொல்லுங்கள். செய்தியில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. வியூகத்தில் ஒன்று அல்லது இரண்டு மாற்றங்கள் போதும். நான்கு ஆட்டங்களை வென்றுவிட்டால் நிரந்தரப் பதவி உரிமை என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையை மே மாதம் வென்ற டி மாட்டியோவை அதே ஆண்டு நவம்பரில் செல்சி நீக்கியது. இடைக்காலப் பயிற்சியாளராகவே பலமுறை தன்னை நிரூபிக்க வேண்டியும் வரலாம். கிளிஃபோர்ட் மிராண்டா 2020இல் கோவா அணி லீக் கேடயத்தை வென்றபோது இடைக்காலப் பொறுப்பில் இருந்தார். 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பையைப் பெற்றுத் தந்தபோதும் அப்படியே. சென்னையின் எஃப்சி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது 2025இல்தான்.

ஆறாவது படி: எந்த அணி?

அழைப்பு வந்ததும் தலை சுற்றும். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீரர்களைச் சேர்ப்பதில் கடைசிச் சொல் யாருடையது? என்னோடு எத்தனை பேரை அழைத்து வரலாம்? முதல் ஆறு ஆட்டங்களில் நான்கைத் தோற்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வியை நிர்வாகியின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பதிலைவிட, பதில் வர எடுக்கும் நேரம் அதிகம் சொல்லும்.

மிகெல் ஆர்டெட்டாவை 2018இல் ஆர்செனல் பரிசீலித்து, உனாய் எமெரியைத் தேர்ந்தெடுத்தது. ஆர்டெட்டா கார்டியோலாவிடம் இன்னும் ஒன்றரை ஆண்டு உதவியாளராக இருந்துவிட்டு 2019 டிசம்பரில் வந்தார். முதல் சீசனிலேயே எஃப்ஏ கோப்பை வந்தாலும், இரண்டு சீசன்கள் லீகில் எட்டாவது இடம்தான். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோல்வி. அப்போதும் நிர்வாகம் அசையவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், ஒழுங்குமீறலுக்காக ஒபமெயாங்கின் கேப்டன் பதவியை அவரால் பறிக்க முடிந்தது என்றால், பின்னால் அந்த ஆதரவு இருந்ததும் ஒரு காரணம். மாறாக, 2007இல் போல்டனில் சாம் அலர்டைஸின் உதவியாளராக இருந்து அவருடைய இடத்துக்கே வந்த சாமி லீ, அக்டோபரைத் தாண்டவில்லை. ஒரே உடைமாற்றும் அறையில் இரண்டாமவராக இருந்து முதல்வராவது எல்லாவற்றையும்விடக் கடினம். எனக்குத் தெரிந்த இளைஞர்களிடம், முடிந்தால் முதல் வேலைக்கு வேறு கிளப்பைத் தேடுங்கள் என்றே சொல்கிறேன்.

ஏழாவது படி: உங்களுக்கொரு உதவியாளர்

நண்பனை வைத்துக்கொள்ளாதீர்கள். "இல்லை" என்று சொல்லக்கூடியவரை வையுங்கள். ஸ்கலோனி தன்னைவிடப் பெரிய வீரர்களாக விளங்கிய பாப்லோ அய்மார், வால்டர் சாமுவேல், ராபர்ட்டோ அயாலா ஆகியோரைத் தன் குழுவில் வைத்துக்கொண்டார். தன்னம்பிக்கை இல்லாதவர் அதைச் செய்ய மாட்டார்.

கடைசியாக: பழைய அணியிலிருந்து எப்படிக் கிளம்புவது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இது மிக முக்கியம். முதல் முயற்சி சறுக்கலாம். மொரீனோ பென்ஃபிகாவில் ஒன்பது லீக் ஆட்டங்களோடு விலகினார். பெப் லைண்டர்ஸ் 2018 ஜனவரியில் லிவர்பூலை விட்டு நெதர்லாந்தின் என்இசி நைமேகனுக்குத் தலைமை ஏற்கப் போனார். முதல் பிரிவுக்கு ஏற முடியாமல் அதே கோடையில் லிவர்பூலின் தலைமைப் பயிற்சியாளர் யர்கன் க்ளாப்பிடம் திரும்பினார். மறு ஆண்டு லிவர்பூல் சாம்பியன்ஸ் லீகை வென்றது. 2024இல் சால்ஸ்பர்க்கில் மீண்டும் முயன்று, அந்த டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். 2025இல் மான்செஸ்டர் சிட்டியில் உதவியாளரானார். என்சோ மரெஸ்காவை 2021 நவம்பரில் பார்மா நீக்கியது. 2022இல் கார்டியோலாவின் உதவியாளராகச் சிட்டிக்குத் திரும்பி, மூன்று கோப்பைகள் வென்ற சீசனில் பெஞ்சில் இருந்து, அதற்குப் பிறகு லெஸ்டரைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றி, 2024இல் செல்சிக்குப் போனார். பழைய கதவு லைண்டர்ஸுக்கும் மரெஸ்காவுக்கும் திறந்தே இருந்தது.

அதனால் கிளம்பும் முறையில் கவனமாக இருங்கள். வேறு கிளப்போடு பேசுவதற்கு முன்பே உங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவருடைய அனுமதியின்றிப் பழைய அணியின் மசாஜ் நிபுணரையோ ஆட்டக்காரரையோ இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கார்னர், ஃப்ரீ கிக் குறிப்புகளையும், காயம்பட்ட வீரர்களின் விவரங்களையும், யாரிடம் எப்படிப் பேசினால் எடுபடும் என்ற குறிப்புகளையும் எழுதி அடுத்த உதவியாளரிடம் ஒப்படையுங்கள். ஒரு வாரம் அவரோடு பயிற்சியில் நில்லுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். அதில் பையன்களின் பெயர்கள் இருக்கின்றன.